இயற்கைக் காட்டுக்குத் தனிக் கணக்கு வையுங்கள்: அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

காலநிலை மாநாடுகளிலும் பல்லுயிர் மாநாடுகளிலும் உங்கள் நாட்டின் சார்பில் அமரும் பிரதிநிதிகளுக்கும், காடுகளின் தலைவிதியைத் தினமும் தீர்மானிக்கும் வனம், வேளாண்மை, நிதி, சாலைத் துறைகளின் அமைச்சர்களுக்கும்,

வணக்கம்.

2030 நெருங்கிவிட்டது. அந்த ஆண்டுக்குள் காடழிப்புக்கு முடிவு கட்டுவோம் என்று நீங்கள் பலமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். 2014-இல் நியூயார்க் பிரகடனம். காடழியும் வேகத்தை 2020-க்குள் பாதியாகக் குறைப்போம், 2030-க்குள் முழுவதும் நிறுத்துவோம் என்றது அது. பாதி என்ற இலக்கு நிறைவேறாமலே 2020 கடந்துபோனது. 2021-இல் கிளாஸ்கோவில் 140-க்கும் மேற்பட்ட நாடுகள் மறுபடியும் அதே உறுதியைக் கொடுத்தன. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலகப் பல்லுயிர்ச் சட்டகத்துக்கு ஒப்புதல் தந்தீர்கள். 2023-இல் துபாய் காலநிலை மாநாட்டின் முடிவிலும் 2030 என்ற ஆண்டு எழுதப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு வந்த 2024-இல், வெப்பமண்டலத்தின் முதல்நிலைக் காடுகளில், அதாவது வெட்டுப்படாமல் முதிர்ந்த இயற்கைக் காடுகளில், ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் பறிபோனது. செயற்கைக்கோள் தரவுகளை வைத்து மேரிலாந்து பல்கலைக்கழகமும் உலக வள நிறுவனமும் வெளியிடும் ஆண்டுக் கணக்கு இது. அவர்கள் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து பார்த்தால் அந்த ஆண்டின் இழப்புதான் ஆக அதிகம், முந்தைய ஆண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏறத்தாழ பாதி அழிவு தீயால் வந்தது. ஈரம் சொட்டும் மழைக்காடு தானாக இப்படிப் பற்றி எரியாது. மனிதர்கள் வைத்த தீ, வெட்டிக் குலைக்கப்பட்ட விளிம்பு வழியாக உள்ளே போகிறது, வறட்சி அதற்கு வழிவிடுகிறது.

நான் விஞ்ஞானி இல்லை. காடுகளைப் பற்றிய அறிக்கைகளையும் சட்டங்களையும் தொடர்ந்து படித்துவரும் ஒரு குடிமகள். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகியிருக்கிறது. உங்கள் கொள்கைகளில் பெரும்பாலானவை "காட்டின் பரப்பு" என்ற ஒற்றை எண்ணைக் காப்பாற்றப் பார்க்கின்றன. அந்த எண் பத்திரமாக இருக்கும்போதே, இயற்கையாக உருவான காடு அதற்குள்ளிருந்து மறைந்துகொண்டே போக முடியும். இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வைத்திருக்கும் வரையறைப்படி, அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், 5 மீட்டர் உயரத்துக்கு வளரக்கூடிய மரங்கள், நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் நிழல் விழும் அளவுக்கு இலைக்கவிகை, இவ்வளவு இருந்தால் அது காடு. வயல்களும் பழத்தோட்டங்களும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களும் இதில் சேராது. ஆனால் வரிசை பிடித்து நட்ட யூகலிப்டஸ் சேரும். ரப்பர் தோட்டம் சேரும். மொட்டையாக வெட்டப்பட்ட நிலம்கூட, மீண்டும் மரம் வளரப்போகிறது என்றால் காடாகவே எண்ணப்படும். ஆகவே பல நூற்றாண்டுகள் பழமையான ஒரு காட்டை வெட்டித் தள்ளிவிட்டு அங்கே காகித ஆலைக்கான மரத்தை நட்டால், இந்தக் கணக்கின்படி காடழிப்பு எதுவும் நடக்கவில்லை.

அப்புறம் "நிகர இழப்பு" என்ற கணக்கு. அந்த அமைப்பின் 2020 மதிப்பீட்டின்படி 1990 முதல் உலகில் 42 கோடி ஹெக்டேர் காடு வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதே காலத்தின் நிகர இழப்பு 17.8 கோடி ஹெக்டேர்தான். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் 24 கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட வித்தியாசத்தை, புதிதாக நட்ட தோட்டங்களும் கைவிடப்பட்ட நிலத்தில் தானாக முளைத்த இளங்காடுகளும் நிரப்புகின்றன. ஒரு கண்டத்தில் முதிர்ந்த மழைக்காடு போகிறது, இன்னொரு கண்டத்தில் பைன் தோட்டம் எழுகிறது, கூட்டிக் கழித்தால் "வேகம் குறைகிறது" என்ற நல்ல செய்தி கிடைக்கிறது. அந்த அமைப்பு தன் அறிக்கைகளில் இயற்கையாக வளர்ந்ததையும் நட்டதையும் தனித்தனியாகவும் தருகிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. நாடுகள் தங்கள் வாக்குறுதிகளை அந்த மொத்தத்தின் மீது வைத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

இயற்கைக் காட்டில் என்ன இருக்கிறது, நட்ட தோட்டத்தில் ஏன் அது இல்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கொள்கை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

முதலில் கார்பன். உலகின் காடுகள் தேக்கிவைத்திருக்கும் கார்பன் சுமார் 66,200 கோடி டன் என்று அதே 2020 மதிப்பீடு சொல்கிறது. அதில் பாதிக்குக் கிட்டே மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணுக்கு மேலே இருப்பதில் பெரும்பங்கை ஒரு சில பெருமரங்கள் சுமக்கின்றன. உலகின் பல பகுதிகளில் உள்ள ஆய்வுக் காடுகளில் அளந்து பார்த்தபோது, மிகப் பருத்த 1 சதவீத மரங்களில் மட்டும் அந்தக் காட்டின் உயிர்ப்பொருளில் ஏறத்தாழ பாதி இருந்தது. அந்த மரங்களைத்தான் கோடரி முதலில் தேடிப் போகும். தோட்டமோ 10, 15 ஆண்டுகளில் அறுவடையாகிறது. அதிலிருக்கும் கார்பன் காகிதமாகவும் விறகாகவும் மாறிச் சீக்கிரமே காற்றில் கலந்துவிடுகிறது. 350 மில்லியன் ஹெக்டேர் நிலத்தை மீட்போம் என்ற உலகளாவிய உறுதியை எடுத்துக்கொண்டு 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த நிலம் முழுவதையும் இயற்கைக் காடாக வளரவிட்டால், அதே நிலத்தில் வணிகத் தோட்டம் போடுவதைப் போல 40 மடங்கு கார்பனை இந்த நூற்றாண்டின் முடிவில் அது தேக்கிவைத்திருக்கும் என்று அதில் கணக்கிடப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் நாடுகள் கொடுத்திருந்த உறுதிகளில் 45 சதவீதம் தோட்டங்களாக இருந்தன.

அடுத்தது உயிர்கள். நீர்நில வாழ்விகளில் 80 சதவீதம், பறவைகளில் 75 சதவீதம், பாலூட்டிகளில் 68 சதவீதம் இனங்களுக்குக் காடுதான் வாழிடம். இந்த எண்களைக் காலநிலைப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்தால், "இது பல்லுயிர்ப் பிரிவின் விஷயம்" என்று தள்ளிவைக்கிறீர்கள். ஆனால் காட்டின் கார்பனைக் கட்டிக்காப்பதே இந்த உயிர்கள்தான். அடர்ந்த, கனமான தண்டுள்ள வெப்பமண்டல மரங்கள் பலவற்றின் விதைகள் பெரியவை. சின்னக் குருவியால் அவற்றை விழுங்க முடியாது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருவாட்சிகள் அவற்றை விழுங்கி மைல்கணக்கில் கொண்டுபோய்ப் போடுகின்றன. காங்கோ படுகையில் காட்டு யானைகள் அதைச் செய்கின்றன. தென் அமெரிக்காவில் டேப்பிர் என்ற பெரிய தாவர உண்ணிகளும் பெரிய குரங்குகளும். வேட்டையாலும் காடு துண்டாவதாலும் இவை இல்லாமல் போனால், மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குக் காடு பச்சையாகவே தெரியும். உள்ளே, செத்துப்போகும் பெருமரத்தின் இடத்துக்கு அதன் கன்று வராது. லேசான தண்டுள்ள மரங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளில் நடந்த ஆய்வு, பெரிய விலங்குகள் மறைந்தால் காட்டின் கார்பன் தேக்கமும் குறையும் என்று காட்டியிருக்கிறது. அப்படியிருக்க, காலநிலைக்கு ஒரு மாநாடு, பல்லுயிருக்கு இன்னொரு மாநாடு, இரண்டுக்கும் வேறு வேறு அதிகாரிகள், வேறு வேறு அறிக்கைகள் என்று எத்தனை காலம் ஓட்டப்போகிறீர்கள்? இரண்டு உடன்படிக்கைகளும் 1992-இல் ரியோவில் ஒரே மாநாட்டில்தான் கையெழுத்துக்கு வந்தன.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரத்தை அமேசான் காடு மழையாக வாங்கி, இலைவழியே திரும்ப ஆவியாக்கி, மேற்கே மேற்கே தள்ளிக்கொண்டு போகிறது. ஆண்டிஸ் மலையில் மோதித் தெற்கே திரும்பும் அந்த ஈரக்காற்றைப் பறக்கும் ஆறுகள் என்கிறார்கள். காட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் வயல்களுக்கும் நகரங்களுக்கும் மழை தருவது அதுதான். காட்டை வெட்டித்தான் விளைநிலம் வேண்டும் என்று கேட்கும் வேளாண் அமைச்சர்கள், ஏற்கெனவே உள்ள விளைநிலத்துக்கு மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. அமேசானின் தென்கிழக்குப் பகுதி இப்போது உள்வாங்கும் கார்பனைவிட அதிகமாக வெளிவிடுகிறது என்று, விமானங்களில் ஆண்டுக்கணக்காகக் காற்று மாதிரி எடுத்துச் செய்த ஆய்வு 2021-இல் சொன்னது. அங்குதான் காடு அதிகமாக வெட்டப்பட்டிருக்கிறது, வறண்ட மாதங்களின் வெப்பமும் அங்குதான் கடுமையாகக் கூடியிருக்கிறது.

காங்கோ படுகையின் நடுவில் ஒரு சதுப்புக்காடு இருக்கிறது. மட்காத தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த பீட் மண் அதன் அடியில். அதன் முழு விரிவும் 2017-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. சுமார் 3,000 கோடி டன் கார்பன் அங்கே புதைந்திருக்கிறது. உலகம் முழுவதும் புதைபடிவ எரிபொருளை எரித்து மூன்று ஆண்டுகளில் வெளியேற்றும் கார்பன் ஏறக்குறைய இந்த அளவு வரும். தண்ணீர் நிற்கும்வரை அது அங்கேயே கிடக்கும். வாய்க்கால் வெட்டி வடித்தால் மட்கிக் காற்றில் கலக்கும், காய்ந்தால் தீப்பிடிக்கும். 2015-இல் இந்தோனேசியாவில் வடிக்கப்பட்ட பீட் நிலங்கள் எரிந்தபோது என்ன ஆனது என்று தென்கிழக்கு ஆசியா முழுவதும் மூச்சுத் திணறிக்கொண்டே பார்த்தது. அப்படியிருந்தும் 2022-இல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் எண்ணெய் எடுப்பதற்கான ஏல அறிவிப்பு வந்தபோது, அதில் சில பகுதிகள் இந்தச் சதுப்பு நிலத்தின் மேலேயே இருந்தன. அந்த ஏலம் பிற்பாடு ரத்தானது. ஆனால் நிலத்துக்கு நிரந்தரப் பாதுகாப்பு இல்லாதவரை இன்னொரு ஏலத்தை எது தடுக்கும்?

"வெட்டினால் என்ன, மறுபடி வளர்த்துக்கொள்ளலாமே" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கைவிடப்பட்ட வெப்பமண்டல நிலத்தில் காடு தானாகத் திரும்பும். மண்வளம் பத்து ஆண்டுகளுக்குள்கூட மீளும். ஆனால் பழைய அளவு உயிர்ப்பொருளும் பழைய இனக்கலவையும் திரும்பிவர 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். காலநிலை விஷயத்தில் நமக்கு மிச்சமிருக்கும் காலத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைக்கு வெட்டுவதை இந்த நூற்றாண்டுக்குள் யாராலும் திருப்பித் தர முடியாது.

மரம் நடுவதற்கு மானியம் கொடுத்தால் காடு பிழைக்கும் என்று நம்பும் நிதி அமைச்சர்கள் சிலி நாட்டின் அனுபவத்தைப் படிக்க வேண்டும். 1974-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மரம் நடும் செலவில் 75 சதவீதம்வரை அரசு ஏற்றுக்கொண்டது. பைனும் யூகலிப்டஸும் மலை மலையாக எழுந்தன. மரங்கள் நின்ற பரப்பு கூடியது. ஆனால் இயற்கைக் காட்டை அழித்துவிட்டுத் தோட்டம் போடுவதைத் தடுக்க வேண்டிய விதிகள் ஒழுங்காக அமலாகவில்லை. இயற்கைக் காடு சுருங்கியது, பல்லுயிர் குறைந்தது, கார்பன் தேக்கமும் பெரிதாகக் கூடவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. நல்ல எண்ணம், பொதுப்பணம், பல பத்தாண்டு உழைப்பு எல்லாம் போட்டும் கடைசியில் கிடைத்தது இதுதான்.

மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. கென்யாவின் வங்காரி மாத்தாயை உலகம் மரம் நட்ட பெண்ணாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அவரே 1999 ஜனவரியில் நைரோபியின் கரூரா காட்டைக் கட்டட நிறுவனங்களுக்குத் தாரைவார்ப்பதை எதிர்த்துப் போய் நின்றார். அடியாட்கள் தாக்கி அவர் தலையில் காயம்பட்டது. எத்தனையோ கன்றுகளை நட வைத்த அவருக்கு, நிற்கும் காட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்று தோன்றவில்லை.

சரி, அரசு நினைத்தால் உண்மையிலேயே தடுக்க முடியுமா? முடியும். அமேசானில் பிரேசில் அதைச் செய்து காட்டியது. 2004-இல் அங்கே ஒரே ஆண்டில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு வெட்டப்பட்டது. 2012-இல் அது 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. எட்டு ஆண்டில் 80 சதவீதத்துக்கு மேல் குறைவு. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மரினா சில்வா, காட்டைத் தன் துறையின் விஷயமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் பல அமைச்சகங்களை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார். எங்கே வெட்டு விழுகிறது என்று செயற்கைக்கோள் வழியாக உடனுக்குடன் எச்சரிக்கை வந்தது. ஆய்வாளர்கள் அந்த இடத்துக்குப் போனார்கள், அபராதம் போட்டார்கள், இயந்திரங்களைப் பறிமுதல் செய்தார்கள். பெரும் பரப்புகள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாகவும் பழங்குடி நிலங்களாகவும் அறிவிக்கப்பட்டன. 2006-இல் சோயா வணிகர்கள், புதிதாகக் காடழித்த நிலத்தில் விளைந்ததை வாங்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2008-இல் அதிகமாகக் காடழிக்கும் ஊராட்சிகளின் பட்டியலை அரசே வெளியிட்டது. அதே ஆண்டு, சுற்றுச்சூழல் விதிகளுக்கு உட்பட்டிருப்பதைக் காட்டாத நில உரிமையாளர்களுக்கு வேளாண் கடன் கிடையாது என்றானது. என்னைக் கேட்டால் இத்தனையிலும் வங்கிக் கடனை நிறுத்தியதுதான் மிகக் கூர்மையான நடவடிக்கை. காட்டுக்குள் போகும் புல்டோசர் யாரோ ஒருவர் கொடுத்த கடனில்தான் போகிறது. இவ்வளவும் நடந்த ஆண்டுகளில் அந்நாட்டின் சோயா விளைச்சல் குறையவில்லை, கூடியது.

அதன் பிறகு என்ன ஆனது என்பதும் பாடம்தான். ஆய்வாளர்களின் கை கட்டப்பட்டது, அபராதங்கள் வசூலாகவில்லை, நிதி வெட்டப்பட்டது. 2021-இல் வெட்டு 13,038 சதுர கிலோமீட்டருக்கு ஏறியது. ஆட்சி மாறிப் பழைய திட்டம் திரும்பியதும் 2024-இல் சுமார் 6,300-க்கு இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் காடழிப்பை விதி என்றோ, வளர்ச்சிக்குக் கொடுக்கும் தவிர்க்க முடியாத விலை என்றோ யாரும் சொல்ல முடியாது. அமைச்சரவை மாறினால் எண் மாறுகிறது. அதனால்தான் அடுத்த அரசு ஒரு கையெழுத்தில் கலைத்துவிட முடியாதபடி பாதுகாப்பைச் சட்டத்தில் எழுதச் சொல்கிறேன். கோஸ்டாரிகா 1996-இல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைச் சட்டம் போட்டே தடுத்தது. எரிபொருள் வரியின் ஒரு பகுதியை எடுத்து, காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்குப் பணமும் கொடுத்தது. தடையும் துணையும் சேர்ந்து வந்ததால் அது நிலைத்தது. போலந்தில் பியாவோவியேஜா காட்டில் அரசு மரம் வெட்டியபோது, அது ஐரோப்பியச் சட்டத்துக்கு எதிரானது என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தில் சட்டம் இருந்ததால்தான் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இரு மாநிலங்களும் 2024 தொடக்கத்திலிருந்து அரசு நிலங்களில் இயற்கைக் காட்டை வணிகத்துக்காக வெட்டுவதை நிறுத்திவிட்டன. வேலை இழந்த தொழிலாளர்களுக்கு மாற்று ஏற்பாட்டுக்கு நிதியும் ஒதுக்கின. மரத் தொழிலாளியின் சோற்றில் கைவைக்காமல் காட்டைக் காப்பது எப்படி என்று கேட்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

சாலைத் துறை அமைச்சர்களுக்குத் தனியாக ஒரு பத்தி எழுதியாக வேண்டும், ஏனென்றால் காட்டு மாநாடுகளுக்கு உங்களை யாரும் அழைப்பதில்லை. பிரேசில் அமேசானில் நடந்த காடழிப்பில் ஏறத்தாழ 95 சதவீதம், சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ படகு போகும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோ நடந்திருக்கிறது. வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் சாலை, சில ஆண்டுகளில் இரு பக்கமும் மீன்முள்போலக் கிளை விட்டுக் காட்டைத் தின்றுவிடுகிறது. மிஞ்சும் துண்டும் நன்றாக இருப்பதில்லை. 1979-இல் சூழலியலாளர் தாமஸ் லவ்ஜாய் அமேசானில் உள்ள மனாவுஸ் நகரத்துக்கு அருகே தொடங்கிவைத்த ஆய்வில், துண்டாடப்பட்ட காடுகளை ஆண்டுக்கணக்காகக் கவனித்தார்கள். விளிம்பில் காற்றும் வெயிலும் பட்டுப் பெருமரங்கள் செத்தன. சிறு துண்டுகளிலிருந்து பறவைகள் சில ஆண்டுகளிலேயே மறைந்தன. இன்று உலகில் மிச்சமிருக்கும் காட்டில் 70 சதவீதம் ஏதோவொரு விளிம்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. சாலை வேண்டும் என்றால் ஏற்கெனவே திறந்துகிடக்கும் நிலத்தில் போடுங்கள். இதுவரை பிளவுபடாத காட்டுக்குள் முதல் சாலை போகவே கூடாது என்று விதி எழுதுங்கள்.

நிதி அமைச்சர்களே, பல்லுயிருக்குக் கேடு செய்யும் மானியங்களை 2030-க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 கோடி டாலர் குறைப்போம் என்று மாண்ட்ரியலில் உங்கள் அரசுகள் ஒப்புக்கொண்டன. அந்தத் தொகையே சொல்லும், காடு உள்பட இயற்கையை அழிப்பதற்குப் பொதுப்பணம் எவ்வளவு போகிறது என்று. இதில் எனக்கு மிகவும் வேதனை தருவது, மரத்தை எரித்து மின்சாரம் எடுப்பதைப் பசுமை ஆற்றல் என்று சொல்லிக் கொடுக்கும் மானியம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, புகைபோக்கியின் வாயில் அளந்தால், மரம் நிலக்கரியைவிட அதிகக் கரியமில வாயுவைக் கக்குகிறது. ஆனால் எரிக்கும் நாட்டின் ஆற்றல் கணக்கில் அது பூஜ்யம். வெட்டிய நாட்டின் நிலக் கணக்கில் பதிவாகும் என்பது விதி. அங்கேயோ பக்கத்தில் வளரும் வேறு மரங்களோடு சேர்த்து நிகராக்கிவிடுவார்கள். புகை எங்குமே கணக்கில் வராது. காலநிலையின் பெயரால் காட்டை எரிக்கப் பணம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நிறுத்துங்கள்.

இறக்குமதி செய்யும் நாடுகளுக்கும் பொறுப்பு உண்டு. 1998-இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்த பிறகு சீனா தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடைசெய்யத் தொடங்கியது. சரியான முடிவு. ஆனால் மரத்தின் தேவை குறையவில்லை, கோடரி அண்டை நாடுகளுக்குப் போனது. தன் காட்டைக் காத்துக்கொண்டு அடுத்தவர் காட்டை வாங்கித் தின்பது பாதுகாப்பு ஆகாது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த மாட்டிறைச்சி, கோகோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் ஆகியவற்றைத் தன் சந்தையில் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டபோது நம்பிக்கை பிறந்தது. அப்புறம் அதன் அமலாக்கத்தை ஒருமுறை தள்ளிப்போட்டார்கள், மீண்டும் ஒருமுறை தள்ளிப்போட்டார்கள். சிறு விவசாயிகளுக்கு ஆவணம் தயாரிக்க உதவி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அந்த உதவியைக் கொடுத்துச் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள்.

காட்டில் வாழும் மக்களைக் கேட்காமல் காட்டைக் காக்கக் கிளம்பும் கொள்கைகளையும் கைவிட வேண்டும். பிரேசிலில் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளியான சிக்கோ மென்டிஸ், காட்டை வெட்டாமலே அதிலிருந்து பிழைக்கும் மக்களுக்கு அந்தக் காட்டின் மீது உரிமை வேண்டும் என்று கேட்டார். 1988 டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கேட்ட மாதிரியான முதல் காப்பகங்கள் 1990-இல் அறிவிக்கப்பட்டன. குவாத்தமாலாவின் மாயா உயிர்க்கோளக் காப்பகத்தில் உள்ளூர்ச் சமூகங்களுக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்ட காடுகள், பக்கத்தில் அரசே வேலி போட்டு வைத்திருந்த சில பூங்காக்களைவிட நன்றாக நிற்கின்றன. 30 சதவீத நிலத்தைக் காப்போம் என்ற மாண்ட்ரியல் இலக்கை, இந்த மக்களை வெளியேற்றி நிறைவேற்றிக் காட்டிவிடாதீர்கள். அவர்களுடைய நில உரிமையைப் பதிவு செய்து கொடுங்கள், அவர்களை மிரட்டுகிறவர்கள் மீது வழக்குப் போடுங்கள். அமேசானிலும் வேறு காடுகளிலும் காட்டுக்காகப் பேசியவர்கள் இன்றும் கொல்லப்படுகிறார்கள். கொலையாளி தண்டிக்கப்படாத இடத்தில் எந்தக் காட்டுச் சட்டமும் வேலை செய்யாது.

காடு தேக்கும் கார்பனைத் தாங்கள் விடும் புகைக்கு ஈடாக நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் கார்பன் வரவுச் சந்தை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதற்கு அனுமதிச் சீட்டாகக் காட்டை விற்காதீர்கள். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கார்பனை வெளியேவிட்டுவிட்டு, ஒரு தீயில் போய்விடக்கூடிய மரத்தை அதற்கு ஈடாக வைக்க முடியாது. 2023-இல் கனடாவில் ஒரே கோடையில் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. காட்டைக் காக்கப் பணம் வேண்டும்தான். அதை வரியிலிருந்தும், மானியத்தைத் திருப்பிவிடுவதிலிருந்தும், பணக்கார நாடுகளின் கடமையிலிருந்தும் எடுங்கள். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில் நடந்த காலநிலை மாநாட்டையொட்டித் தொடங்கப்பட்ட வெப்பமண்டலக் காடுகளுக்கான நிரந்தர நிதி, நிற்கும் காட்டுக்கு ஹெக்டேர் கணக்கில் ஆண்டுதோறும் பணம் தருவதாகச் சொல்கிறது. வெட்டாமல் விட்டதற்குப் பணம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் எவ்வளவு சேரும் என்பது உங்கள் கையில்.

இனி நான் கேட்பவை. உங்கள் அடுத்த தேசியக் காலநிலைத் திட்டத்திலும் தேசியப் பல்லுயிர்த் திட்டத்திலும் இயற்கைக் காட்டுக்கு ஒரே வரைபடமும் ஒரே எண்ணும் இருக்க வேண்டும். இரண்டு திட்டங்களும் அதையே பயன்படுத்த வேண்டும். நட்ட தோட்டத்தின் பரப்பை அதனோடு கூட்டவே கூடாது. இயற்கைக் காடு தோட்டமாக மாற்றப்பட்டால் அது அழிப்பு என்றே பதிவாக வேண்டும். இலக்கை நிகர இழப்பில் வைக்காமல், நட்டதைக் கழிக்காத மொத்த இழப்பில் வையுங்கள். முதிர்ந்த காடுகளிலும் பீட் நிலங்களிலும் புதிய சுரங்க, எண்ணெய், மரவெட்டு உரிமங்களை உடனே நிறுத்துங்கள். இந்தோனேசியா 2011-இல் தற்காலிகமாகக் கொண்டுவந்த அத்தகைய தடையை 2019-இல் நிரந்தரமாக்கியது. அதில் ஓட்டைகள் இருந்தாலும், உரிமத்தைச் சார்ந்து வாழும் ஒரு பெரிய நாட்டால் அது முடிந்திருக்கிறது. காட்டுக் காவலர்களின் சம்பளத்தையும் செயற்கைக்கோள் கண்காணிப்புக்கான நிதியையும் ஆண்டு பட்ஜெட்டின் தயவில் விடாதீர்கள். தரவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள், நாங்களே சரிபார்த்துக்கொள்கிறோம்.

அந்த முதல் வரைபடத்தை வெளியிட மாநாடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தரவு ஏற்கெனவே உங்கள் துறைகளில்தான் இருக்கிறது. எந்தத் தேதியில் வெளியிடுவீர்கள் என்று மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
காடுகளின் மேல் அக்கறை கொண்ட ஒரு குடிமகள்